ஏலத்தில் எடுத்த புறா

ஜனவரி 9, திங்கள்

பிசியோதெரபி நிர்மல் தம்பி சொன்னதால் எழுதுகிறேன். "ஆன்ட்டி, அங்கிளுக்கு தினமும் என்ன முன்னேற்றம்னு ஒரு டைரில குறிச்சு வைங்க, நான் வர்றப்ப பாத்துக்கறேன்" என்றார். மருந்துக் கடையில் கொடுத்த டைரி சும்மாதான் கிடந்தது. இட்லி மாவு அரைத்து விற்கிற நேரம் போக எழுதலாம்.

பெயர் ஏகாம்பரம். வயது அறுபத்தொன்று. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். போன கார்த்திகையில் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தன. இப்போது வாக்கரைப் பிடித்துக் கழிவறை வரை போகிறார். பேச்சு இல்லை. தொண்டையில் கோளாறு கிடையாதாம், சொல்தான் மூளையிலிருந்து இறங்கி வரவில்லையாம். "எதுலயாவது ஆசை வந்தா பேச்சு வரலாம், ஆனா சீக்கிரம் வரணும், நாள் போகப் போகக் கஷ்டம்" என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

கிரேன் உச்சியிலிருந்து கத்திப் பழகின குரல் அவருடையது. குழம்பில் உப்பு கூடினால் அயனாவரம் முழுக்கத் தெரிந்துவிடும். கல்யாணமான நாளிலிருந்து என்னைத் திட்டாமல் அவர் ஒரு வேளை சாப்பிட்டதில்லை, நானும் வாங்கிக்கொண்டு சும்மா இருந்ததில்லை. இப்போது வீட்டில் கிரைண்டர் சத்தம் மட்டும்தான். நிம்மதியாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 11, புதன்

சாப்பாடு: இட்லி இரண்டு. நடை: ஹால் வரை. பேச்சு: இல்லை.

ஜனவரி 15, ஞாயிறு

பொங்கல். ஓசூரிலிருந்து மஞ்சரியும் மாப்பிள்ளையும் வந்து சாயங்காலமே கிளம்பிவிட்டார்கள். போகும்போது மகள், "மாடில இருக்கற புறாவையும் வித்துடும்மா, அதுங்களுக்கு வேற தண்ணி வெச்சுக்கினு ஏன் அல்லாடற" என்றாள்.

நிர்மல் தம்பிக்குப் புரிவதற்காக எழுதுகிறேன். இவர் பந்தயப் புறா வளர்ப்பவர். ஹோமர் என்பார்கள். எங்கே கொண்டுபோய் விட்டாலும் பிறந்த கூண்டுக்கே திரும்பி வந்துவிடும் ஜாதி. வேலையிலிருந்து நின்றபிறகு இவர் குடியிருந்ததே மொட்டை மாடியில்தான். உடம்பு விழுந்ததும் கூட்டாளி தாமோதரன் அண்ணன் பாதியைத் தன் கூண்டுக்குக் கொண்டுபோனார். மிச்சம் ஒரு வெள்ளை ஜோடி, அப்புறம் பட்டாளம் என்ற கறுப்பு ஆண், அதன் பெட்டை. வெள்ளை ஜோடிக்கு வயதாகிவிட்டது. முட்டை வைக்கும், பொரிக்காது.

மார்கழியில் பட்டாளத்தின் பெட்டையைப் பூனை கொண்டுபோனது. அதைச் சொன்ன நாளிலிருந்துதான் இவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்கு முன் நிர்மல் தம்பி கையைப் பிடித்து மாடிப்படியில் ஒரு படி ஏற்றிப் பார்த்திருந்தார். இப்போது படியைப் பார்க்கக்கூட மறுக்கிறார்.

பட்டாளத்துக்கு ஒரு பெட்டை வாங்கி விட்டால் இவர் எழுந்து மாடி ஏறுவார். இது டாக்டர் சொன்னதில்லை, என் எண்ணம்.

ஜனவரி 18, புதன்

புறாவை இப்போது வாட்ஸப்பில் ஏலம் விடுகிறார்களாம். தாமோதரன் அண்ணன் இவர் போனிலேயே அந்தக் குரூப்பில் சேர்த்துவிட்டார். சேர்ந்ததும், "வாங்க ஏகாம்பரம் அண்ணே! உடம்பு பரவால்லயா?" என்று ஒரே வரவேற்பு. பரவாயில்லை தம்பிகளா என்று நானே அடித்துப் போட்டேன்.

விற்கிறவன் மூன்று படம் போட வேண்டும். முழுப் புறா, விரித்த இறக்கை, கண். கண்ணை மட்டும் அவ்வளவு கிட்டத்தில் எடுக்கிறார்கள். புறாக்காரர்கள் கண்ணைப் பார்த்தே ஜாதி சொல்வார்களாம். எனக்கு உடைந்த கண்ணாடி வளையல் மாதிரி இருந்தது.

அரக்கோணம் குணாளன் என்பவன் ஒரு பெட்டையைப் போட்டிருந்தான். செம்பட்டை நிறம், உடம்பெல்லாம் கட்டம். அந்தக் கண் படத்தை இவரிடம் நீட்டினேன். இடது கையால் போனை வாங்கி, திரை அணைந்து போகும்வரை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்துச் சேர்த்துக் காட்டினார். திரும்பத் திரும்பக் காட்டினார்.

முட்டை கேட்கிறார்! வாய்விட்டு இல்லாவிட்டாலும் இவராக ஒன்றைக் கேட்டது இதுதான் முதல் முறை. ஓடிப்போய் அவித்து உரித்து மிளகு தூவிக் கொண்டுவந்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜனவரி 19, வியாழன்

இன்றும் விரலை வளைத்துக் காட்டினார். ஆம்லெட் போட்டேன். அதையும் தொடவில்லை. உடம்பு முடியாதவர்களுக்கு நாக்கு கேட்கும், வயிறு வேண்டாம் என்னும்.

ஜனவரி 21, சனி

சாயங்காலம் ஏலம். நான் ஒரு விலை போட்டால் 'ஸ்கை கிங்' என்று ஒருவன் கண்மூடித் திறப்பதற்குள் அதற்கு மேல் ஏற்றுகிறான். தாமோதரன் அண்ணன் போன் செய்தார். "தங்கச்சி, அவன் குணாளன் பொண்டாட்டிக்குத் தம்பி. வெல ஏத்தி வுடறதுக்குன்னே உக்காந்துகினு கீறான்."

அப்படியா சேதி என்று குரூப்பில் போட்டேன். "ஸ்கை கிங் தம்பி, உங்க அக்கா புருஷன் புறாவ நீங்களே ஏலம் எடுத்து இன்னா பண்ணப் போறீங்க? உங்க அக்கா கைல குடுத்தா சும்மாவே குடுக்குமே." எல்லோரும் சிரிக்கிற பொம்மையாகப் போட்டுத் தள்ளினார்கள். ஸ்கை கிங்கைக் காணோம். பெட்டை எனக்கு.

இதை இவருக்குப் படித்துக் காட்டினேன். மூக்கால் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா சளியா தெரியவில்லை. குறித்து வைக்கிறேன்.

ஜனவரி 25, புதன்

புறா வரவில்லை. நாளைக்கு பஸ்ஸில் ஏற்றுகிறேன் என்கிறான் குணாளன்.

ஜனவரி 28, சனி

குணாளனின் மாமனார் இறந்துவிட்டாராம், காரியம் முடிந்துதான் அனுப்ப முடியுமாம். சரி, பாவம் என்று விட்டேன். உளுந்து ஊறப் போட மறந்து, இரண்டு வீட்டுக்கு மாவு இல்லை என்று சொல்லவேண்டியதாயிற்று.

பிப்ரவரி 3, வெள்ளி

மாமனாருக்கு சீரியஸாம். ஆஸ்பத்திரியில் இருக்கிறானாம்.

இதற்குமேல் எழுத்தில் பேசினால் சரிப்படாது என்று நேராகப் போன் போட்டேன். பொம்பளைக் குரல் கேட்டதும் தடுமாறினான். "அண்ணன் இல்லீங்களாக்கா?" என்றான்.

"அண்ணனுக்கு பதிலு நான்தான். ஏன்பா, போன வாரம் செத்த மாமனாருக்கு இந்த வாரம் சீரியஸா? எழுந்து வந்துட்டாரா?"

"அது... சின்ன மாமனாருக்கா."

"ஒனக்கு எத்தினி மாமனாரு கீறாங்கன்னு மொத்தமா சொல்லிடு. நான் ஒண்ணா அழுதுடறேன்."

நாளைக்கே அனுப்புகிறேன் என்றான். இவர் கட்டிலில் படுத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாடு: இன்று கூடுதலாக ஒரு இட்லி.

பிப்ரவரி 6, திங்கள்

கோயம்பேட்டில் பஸ் டிரைவரிடமிருந்து பெட்டியை வாங்கி வந்தேன். பிரிக்கும்போது வீடியோ எடுக்க வேண்டுமாம், நடுவில் நிறுத்தாமல். இல்லாவிட்டால் அப்புறம் புகார் எடுபடாது. ஒரு கையில் போன், ஒரு கையில் கத்தரி. புறா நன்றாகத்தான் இருக்கிறது. கூண்டில் விட்டதும் பட்டாளம் கழுத்தை உப்பிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தான். ஆம்பளை புத்தி.

இவரிடம், "வந்திருச்சுய்யா, மாடிக்கு வந்து பாரேன்" என்றேன். வரவில்லை. ஆனால் மத்தியானம் வாக்கரைப் பிடித்து ஜன்னல் வரை போய், மேலே குனுகுனுக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

பிப்ரவரி 10, வெள்ளி

நிர்மல் தம்பி வந்தார். இவரே காலைத் தூக்கி முதல் படியில் வைத்தார். பேச்சு இல்லை. ஆனாலும் படி, படிதான்.

பிப்ரவரி 17, வெள்ளி

பெட்டையை எத்தனை நாள் அடைத்து வைப்பது என்று குணாளனைக் கேட்டேன். "பத்து நாள் போதும்க்கா. அப்பால தெறந்து வுடு, ஜோடியோட சுத்திட்டு வந்து ஒக்காந்துக்கும்" என்றான். விற்றவனுக்குத் தெரியாதா. தாமோதரன் அண்ணன் திருப்பதி போயிருக்கிறார், கேட்க ஆளில்லை.

பிப்ரவரி 18, சனி

காலையில், "இன்னைக்குக் கூண்டைத் தெறந்து வுடப் போறேன்" என்று இவரிடம் சொன்னேன். வாக்கரைத் தூக்கித் தரையில் ஓங்கி ஓங்கிக் குத்தினார். முகமெல்லாம் சிவந்துவிட்டது. டீ தாமதமானால் இப்படித்தான். டீயைக் கொடுத்துவிட்டு மாடிக்குப் போனேன்.

திறந்தேன். பட்டாளம் ஏறினான், பெட்டை ஏறியது. பக்கத்துத் தண்ணீர் டேங்குக்கு மேல் இரண்டும் ஒரு சுற்று வந்தன. அழகாக இருந்தது. பிறகு பெட்டை மட்டும் மேற்கே திரும்பியது. பட்டாளம் இறங்கி வந்து உட்கார்ந்தான். நான் கைதட்டிப் பார்த்தேன், தானியத்தை டப்பாவில் போட்டுக் குலுக்கிப் பார்த்தேன். வெயில் ஏறும்வரை அங்கேயே நின்றேன்.

மேற்கே என்றால் அரக்கோணம்.

பிப்ரவரி 19, ஞாயிறு

திருப்பதி லட்டோடு தாமோதரன் அண்ணன் வந்தார். சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார். "வளந்த புறாவ வாங்கினா சாவற வரைக்கும் தொறக்கக் கூடாது தங்கச்சி! அதுக்குப் பொறந்த எடம்தான் வூடு. அது போடற குஞ்சுதான் நம்மளுது. இத்தினி வருசம் ஏகாம்பரத்தோட குடும்பம் நடத்திட்டு இது தெரியாதா?"

தெரியாது. மாடிப் பக்கம் அவர் என்னை விட்டாரா? தானியம் கொட்டினாய், தண்ணீரைச் சிந்தினாய் என்று விரட்டிக்கொண்டே இருந்தால் எப்படித் தெரியும்.

குணாளனுக்குப் போன் போட்டேன். "இங்க வரலக்கா, சத்தியமா. வல்லூறு அடிச்சிருக்கும்" என்றான்.

பிப்ரவரி 20, திங்கள்

சுவர்ப் பக்கம். சாப்பாடு இல்லை.

பிப்ரவரி 23, வியாழன்

சுவர்ப் பக்கம்.

மார்ச் 2, வியாழன்

நிர்மல் தம்பி வந்து, நோயாளி ஒத்துழைக்கவில்லை என்று திரும்பிப் போனார். கிரைண்டர் கல் தேய்ந்துவிட்டது, கொத்தக் கொடுத்திருக்கிறேன். வீட்டில் அந்தச் சத்தமும் இல்லை.

ரேடியோ போட்டுவிட்டேன். யாராவது பேசட்டும்.

மார்ச் 11, சனி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

குரூப்பில் குணாளன் ஒரு பெட்டையை ஏலத்துக்குப் போட்டான். செம்பட்டை, கட்டம். முழுப் படத்தில் காலை உள்ளங்கைக்குள் மறைத்துப் பிடித்திருந்தான், காலில் உள்ள வளையத்தின் எண் தெரியக்கூடாது என்று. ஆனால் கண் படம் போடாவிட்டால் ஒருத்தனும் விலை கேட்க மாட்டான். போட்டுத்தான் ஆகவேண்டும். போட்டிருந்தான்.

எனக்குச் சந்தேகம்தான். போனை இவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். சுவர்ப் பக்கமிருந்து திரும்பினார். பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது. வாய் கோணி, உதடு துடித்து, ஒரு சொல் வந்தது.

அந்தச் சொல்லை இந்த டைரியில் எழுத முடியாது. குணாளனின் தாயாரைப் பற்றியது. துறைமுகத்தில் சர்வசாதாரணமாம். கல்யாணமான புதிதில் அதைக் கேட்டு நான் அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். இன்றைக்கு அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல், "இன்னொரு தபா சொல்லுய்யா, இன்னொரு தபா" என்று கெஞ்சிக்கொண்டு நிற்கிறேன்.

சொன்னார். இரண்டாம் முறை இன்னும் தெளிவாக வந்தது.

மார்ச் 12, ஞாயிறு

நிர்மல் தம்பிக்குப் போன் செய்து, வார்த்தை வந்துவிட்டது என்றேன். என்ன வார்த்தை என்றார். கெட்ட வார்த்தை என்றேன். "ரொம்ப நல்லது ஆன்ட்டி! பேச்சு போனவங்களுக்குத் திட்டு, பாட்டு, சாமி பேரு இதெல்லாந்தான் சில சமயம் முதல்ல வரும். வர்றத விடாம வர வைங்க" என்றார்.

சாமி பேரை விட்டுவிட்டு இவருக்கு இதுதான் கிடைத்ததா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

குரூப்பில், நான் பெட்டியைப் பிரித்தபோது எடுத்த வீடியோவிலிருந்த கண்ணையும் அவன் போட்ட கண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டேன். கீழே, "ஒரே பொண்ண எத்தினி எடத்துல கட்டிக் குடுப்ப குணாளா?" என்று கேட்டேன். ஏலம் நின்றது.

மார்ச் 15, புதன்

குணாளன் தினமும் ஒரு பொய் அனுப்புகிறான். அது இதன் தங்கச்சியாம். வெளிச்சத்தில் எல்லாக் கண்ணும் ஒன்றுபோல் தெரியுமாம். என் போனில் கேமரா சரியில்லையாம். ஒவ்வொன்றையும் மாவு விற்று முடித்துவிட்டு இவர் கட்டிலில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்கிறேன். இன்று வந்த சொற்கள்: திருடன். பொய்யி. மற்றது வழக்கமானது.

மார்ச் 18, சனி

குணாளன் போன் செய்தான். "அக்கா, காசத் திருப்பிப் போட்டுடறேன். குரூப்ல கிழிக்காத, ஒருத்தனும் எங்கிட்ட வாங்க மாட்டேங்கறான்."

"காசு யாருக்கு வேணும்? அது எப்படித் தங்கச்சின்னு சொல்லு, கேப்போம்" என்றேன்.

தாமோதரன் அண்ணன், "இன்னா தங்கச்சி, மெண்டலா நீ? குடுக்கறத வாங்கிக்கினு வுடுவியா" என்கிறார். ஏமாந்தவளுக்கு ரோஷம் இருக்காதா அண்ணே என்று சொல்லி வைத்தேன். மஞ்சரி வீடியோ காலில் பார்த்துவிட்டு, "அந்த ஆளோட சண்ட போடறப்ப நீ நல்லா கீறம்மா, மொகத்துல களை வந்திருக்கு" என்கிறாள். அவளுக்கென்ன தெரியும். எனக்குச் சண்டை போடுவதற்கு நேரம் எங்கே இருக்கிறது.

இன்று வந்தது: "அவன வுடாத." சேர்ந்தாற்போல் இரண்டு சொல்.

மார்ச் 24, வெள்ளி

அட்மின் குணாளனைக் குரூப்பிலிருந்து நீக்கிவிட்டார். இனி அவன் எந்த ஏலத்திலும் வர முடியாதாம். "ஏகாம்பரம் அண்ணனுக்கு நியாயம் கெடச்சிருச்சு!" என்று எல்லோரும் மாலை படம் போடுகிறார்கள்.

போச்சு.

மார்ச் 27, திங்கள்

அட்மினுக்குப் போன் செய்து, அந்தப் பையனைத் திரும்பச் சேர்த்துவிடுங்கள், பாவம் என்றேன். "நீங்கதான அக்கா புகாரு குடுத்தீங்க?" என்று முழித்தார். முடியாது என்றுவிட்டார். குணாளன் என் நம்பரையும் பிளாக் பண்ணி அடைத்துவிட்டான்.

படித்துக் காட்ட ஒன்றுமில்லை. இவர் என் வாயைப் பார்க்கிறார், நான் இவர் வாயைப் பார்க்கிறேன்.

மார்ச் 29, புதன்

பேச்சு: இல்லை. வெள்ளை ஜோடி மறுபடி முட்டை வைத்திருக்கிறது. வழக்கம்போலக் கூமுட்டைதான்.

மார்ச் 31, வெள்ளி

பேச்சு: இல்லை. பழைய பொய்களையே எடுத்துப் படித்துப் பார்த்தேன். ஏற்கெனவே கேட்டது என்று தெரிந்துவிடுகிறது.

ஏப்ரல் 2, ஞாயிறு

இவரைத் தாமோதரன் அண்ணனிடம் ஒப்படைத்துவிட்டு, காலை வண்டியில் அரக்கோணம் போனேன். புறா வந்த பெட்டியில் விலாசம் இருந்தது. நேருக்கு நேர் ஒரு சண்டை போட்டு, அதைப் போனில் இவருக்குக் காட்டிவிட்டால் இரண்டு வாரத்துக்குத் தாங்கும் என்று கணக்கு. புறாவையும் கையோடு கொண்டுவந்துவிடலாம்.

ரயில்வே கேட் தாண்டிச் சின்ன மாடி வீடு. வாசலில் ஒரு பெரியவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். குணாளன் வீடா என்றேன். "மாப்ள மேல கீறாரும்மா, புறாங்கிட்ட" என்றார்.

"நீங்க?"

"நான் அவரு மாமனாருமா."

"நல்லா இருக்கீங்களாய்யா? உங்களுக்காக ரெண்டு தபா வருத்தப்பட்டேன்" என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. உள்ளேயிருந்து வந்த குணாளன் பெண்டாட்டிக்கு விளங்கிவிட்டது. "எங்கப்பாவையா சாவடிச்ச?" என்று படியேறினாள். நான் போடவேண்டிய சண்டையில் பாதியை அவளே போட்டுவிட்டாள்.

நான் மேலே போகும்போது குணாளன் தலைகுனிந்து நின்றான். ஒல்லி உடம்பு, முப்பது வயதுகூட இருக்காது. "நான் கூப்புடலக்கா, அதுவாத்தான் வருது. மொத தபா வித்தப்ப நெஜமாவே போவட்டும்னுதான் வித்தேன். ரெண்டாம் நாளே கூரை மேல ஒக்காந்துகினு பாக்குது. இன்னா பண்றது? திருப்பிக் குடுக்கத்தான் நெனச்சேன். குடும்பக் கஷ்டம்க்கா."

"கஷ்டம்னா நாலு பேருக்கு விப்பியா? எங்க வூட்ல ஒரு மனுசன் அந்தப் புறாவ நம்பிப் படுத்துக்கினு கீறாருடா. தெறந்து வுடுன்னு நீதான சொன்ன? அது போன அன்னிக்கு அவரு சோறு தண்ணிய வுட்டாரு, தெரியுமா உனக்கு?" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. அழுதுவிட்டேன். அழ வேண்டும் என்று போகவில்லை.

அவன் கூண்டைத் திறந்தான். மூலையில், மண் சட்டியில் அந்தப் பெட்டை உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் அதன் பழைய ஜோடி. "எடுத்துக்கினு போக்கா. இந்த தபா நெஜமா" என்று தூக்கினான். அடியில் இரண்டு முட்டை.

வீடியோ காலில் இவர் இருந்தார். தாமோதரன் அண்ணன் போனைப் பிடித்திருந்தார். சட்டிக்கு நேராகக் காட்டினேன். இவர் இடது கையைத் தூக்கி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்துச் சேர்த்தார்.

அட கடவுளே! அன்றைக்கே இதைத்தான் கேட்டிருக்கிறார். புறாவை வாங்காதே, முட்டையை வாங்கு என்று. தாமோதரன் அண்ணன் திருப்பதியிலிருந்து வந்து சொன்ன அதே விஷயம். நான் மிளகு தூவிக் கொடுத்திருக்கிறேன்.

பெட்டையை அதன் இடத்திலேயே விடச் சொன்னேன். முட்டை இரண்டையும் குணாளன் பஞ்சில் சுற்றிக் கொடுத்தான். சூடு போகக்கூடாதாம். ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, பெண்கள் பெட்டியில் ஒருத்தியும் மேலே இடிக்காமல் வந்து சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. வெள்ளை ஜோடியின் கூமுட்டையை எடுத்துவிட்டு இதை வைத்தேன். அதுகளுக்கு வித்தியாசம் தெரியவில்லை, உட்கார்ந்துகொண்டன.

என் நம்பருக்குப் போட்ட பிளாக்கை எடுக்கச் சொல்லிக் குணாளனிடம் சொல்லியிருக்கிறேன். முட்டை பொரிக்காவிட்டால் திட்டுவதற்கு ஆள் வேண்டும்.

ஏப்ரல் 8, சனி

இவர் கேட்டது: "சூடு?" இருக்கிறது என்றேன். நம்பவில்லை போலிருக்கிறது.

ஏப்ரல் 13, வியாழன்

ஒரு முட்டை பொரிந்தது. இன்னொன்றில் உயிர் இல்லை. குஞ்சு பார்ப்பதற்குச் சகிக்காது, மஞ்சள் மயிரும் பெரிய மூக்கும். கீழே வந்து சொன்னேன். இவர் போனைக் காட்டி, "காட்டு" என்றார்.

"போட்டோ எடுக்க மாட்டேன். மாடில கீது. வேணும்னா ஏறி வந்து பாரு" என்றேன்.

அந்தப் பழைய சொல்லை என்னைப் பார்த்துச் சொன்னார். நான் சமையலறைக்குப் போய்விட்டேன். ஒரு போட்டோ எடுத்தால் என்ன என்று நாள் முழுக்க அடித்துக்கொண்டது. எடுக்கவில்லை.

ஏப்ரல் 20, வியாழன்

நிர்மல் தம்பியோடு மூன்று படி ஏறி இறங்கினார். குஞ்சுக்கு இறகு குத்துகிறது. இன்றும் போட்டோ கேட்டார், இன்றும் இல்லை என்றேன். மஞ்சரி போனில் நான் கல் நெஞ்சுக்காரி என்கிறாள்.

ஏப்ரல் 27, வியாழன்

காலை பத்து மணி சுமாருக்குப் பின்தெருவில் மாவு கொடுத்துவிட்டு வந்தேன். கட்டில் காலி. கழிவறையில் இல்லை. வாக்கர் மாடிப்படிக்குக் கீழே சாய்ந்து கிடந்தது.

தூக்குப் பாத்திரம் கையிலிருந்து விழுந்ததுகூடத் தெரியவில்லை. விழுந்திருப்பார், எந்தப் படியிலாவது கிடப்பார் என்றுதான் ஓடினேன். முருகா முருகா என்று ஏறினேன். படியில் யாரும் இல்லை.

மாடியில், கூண்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். முட்டி சிராய்த்து ரத்தம். வேட்டியெல்லாம் புழுதி, உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாகப் பின்னால் ஏறி வந்திருக்கிறார். இடது உள்ளங்கையில் குஞ்சு. அதன் கண்ணை வெயிலுக்குத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். என் காலடிச் சத்தம் கேட்டதும் தலையைத் தூக்கினார். கூண்டுக்குள் இருந்த தண்ணீர்க் கிண்ணத்தைக் கண்ணால் காட்டினார்.

"ஏமே... தண்ணி... பாசி புடிச்சிக் கீது. கண்ணு... அவிஞ்சா போச்சு ஒனக்கு? எரும... எரும."

ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கினார். ஆனால் முழுசாக, ஆரம்பத்திலிருந்து முடிவு வரை, எனக்கே எனக்கென்று வந்தது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். இந்தக் குரல் இனி வராது என்று எத்தனை ராத்திரி பயந்தேன் என்பதை நிர்மல் தம்பிக்காக எழுதின இந்த டைரியில் ஒரு நாளும் எழுதவில்லை. இன்று எழுதுகிறேன்.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நானா எரும? மாடி ஏறி வந்த மகாராஜா நீயே மாத்தறது! தெனமும் காலைல மாவு அரைச்சு, ஒனக்கு மூத்திரம் எடுத்து, உன் புறாவுக்குத் தண்ணி வேற நான் பாசி இல்லாம வெக்கணுமா?" என்றேன்.

"வெக்கணும்" என்றார்.

கீழே இறக்க எனக்குப் பலம் போதாது. தாமோதரன் அண்ணனுக்குப் போன் செய்தேன், வண்டலூரில் இருக்கிறாராம், வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. அதுவரைக்கும் மாடியிலேயே உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.